ஹுன்னஸ்கிரியத் தண்ணீர்

அந்த முடிவுகளைப் பார்த்துப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன. இன்னும் யாருக்கும் எதுவும் சொல்லாமல், றமீஸா மாமி வந்து அமரப்போகும் கதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமி எங்கள் வீட்டில் எல்லாக் கதிரைகளிலும் அமர மாட்டார். மின்விசிறியின் காற்று படாத மூலைக் கதிரைதான் அவருக்கு. காற்றுப் பட்டால் குளிருமாம். கட்டுகஸ்தோட்டையில், மே மாதத்தில், பகல் பதினொரு மணிக்கு.

மாமி வாப்பாவின் தங்கை. கடுகண்ணாவையில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகன் ஹில்மிக்கு என் மூத்த சகோதரி ஷஹ்மா ராத்தாவைக் கொடுப்பது என்று, ராத்தா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே வாப்பாவும் மாமியும் பேசி முடித்திருந்தார்கள். மாமி மகன் என்றால் எங்களுக்கு மச்சான் முறை. மச்சானுக்குக் கட்டிக்கொடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. யாரும் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. ஒரே ரத்தம் என்பார்கள். அதைச் சொல்லும்போது ஏதோ பெரிய உத்தரவாதம் கொடுப்பதைப் போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். பேராதனையில் நான்கு வருடம் மூலக்கூற்று உயிரியல் படித்தவள் என்பதால், ஒரே ரத்தம் என்பது உத்தரவாதமா எச்சரிக்கையா என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனோ தெரியாது. நான்கு பேருக்கு மேல் இருக்கும் அறையில் எனக்குக் குரல் வராது.

போன வருடம் ராத்தா தூங்கத் தொடங்கினாள். பஸ்ஸில் தூங்கினாள். தான் படிப்பிக்கும் பாலர் பாடசாலையில் பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுத் தானும் தூங்கினாள். ஒருநாள் தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தவள் அப்படியே உறங்கிப்போனாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. முகம் ஊதியது, குரல் தடித்தது. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மச்சானை நினைத்தே கொழுக்கிறாளாம். சோம்பேறிப் பெண்ணை எடுத்து மாமி என்ன செய்யப்போகிறாரோ என்று ஒருத்தி எங்கள் வீட்டு வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே கவலைப்பட்டாள். கடைசியில் கண்டியில் ஒரு வைத்தியர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். தைரொயிட். உடம்பே தன்னுடைய சுரப்பியை அந்நியன் என்று நினைத்து அடிக்கிற வகை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை, ஆயுள் முழுக்க. மூன்று மாதத்தில் ராத்தா பழைய ராத்தா ஆகிவிட்டாள். முடிகூட முளைத்தது.

உம்மா மாத்திரைகளை ஒரு விற்றமின் போத்தலுக்குள் மாற்றி வைத்திருந்தார். அது எத்தனை காலம் தாங்கும்? மாமி நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் வந்து தங்கினார். அவர், ஒரு வீட்டில் பெண்கள் எப்போது தேநீர் குடிக்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் ரகம். விடியற்காலையில் தண்ணீரோடு எதையோ விழுங்கிவிட்டு அரை மணித்தியாலம் தேநீரைத் தொடாமல் இருக்கும் பெண்ணை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் உம்மாவின் வாயாலேயே வரவழைத்துவிட்டார்.

"கழலையா?" என்று கேட்டார்.

"கழலை இல்ல மச்சி. தைரொயிட்" என்றார் உம்மா.

"ரெண்டும் ஒண்டுதான். மலங்காட்டுச் சீக்கு. எங்கட பக்கத்துல யாருக்கும் இது இல்லயே. ஒங்கட ஊர்த் தண்ணி அப்பிடி. அதுக்கு நீங்க என்த செய்ற, பாவம்."

உம்மாவின் ஊர் ஹுன்னஸ்கிரிய. உம்மாவின் வாப்பா அங்கே தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு அரிசி, கருவாடு விற்கும் கடை வைத்திருந்தார். மாமியின் கணக்கில் உம்மா அந்தக் கருவாட்டு வாசனையோடு முப்பது வருடத்துக்கு முன்பு எங்கள் குடும்பத்துக்குள் வந்து, இன்னும் கழுவப்படாமல் இருக்கிறவர். இப்போது அந்த வாசனைக்கு ஒரு நோயின் பெயரும் கிடைத்துவிட்டது.

நான் அன்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தேன். அயடீன் குறைந்து வருகிற கழலை வேறு, இது வேறு, இது தண்ணீரால் வருவதில்லை, பரம்பரையலகுகளில் இருக்கும் ஒரு சாய்வு என்று சொல்லத் தொடங்கினேன். மாமி என்னைக் கனிவோடு பார்த்தார். "படிச்ச புள்ள" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மாமியிடம் வைத்தியமும் இருந்தது. கடல் சாமானில் அயடீன் இருக்கிறது என்று யாரோ தொலைபேசியில் அனுப்பிய ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். எனவே கடல்பாசி. நோன்பு காலத்தில் பாலும் சீனியும் ஊற்றிக் காய்ச்சி ஆறவைத்து வெட்டுவோமே, அந்தக் கடப்பாசி. அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரும்புக்கடையின் வான் வண்டியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா நிறைய ரோஸ் நிறக் கடப்பாசி எங்கள் வீட்டுக்கு வந்தது. ராத்தா அதை முழுதாகச் சாப்பிட்டதாக உம்மா தொலைபேசியில் சாட்சி சொல்ல வேண்டும். அது வெறும் ஏகார். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் அதைத் தட்டுகளில் ஊற்றி, அதன்மேல் நோயாளிகளின் சிறுநீரில் இருக்கும் பக்டீரியாவை வளர்ப்போம். அதில் இருக்கும் அயடீன் ஒரு நோயைக் குணமாக்கவும் போதாது, கூட்டவும் போதாது. எங்கள் குடும்பத்தின் அறிவைப் போல, நிறம் மட்டும்தான் அழுத்தமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கண்டி டவுனில் இருக்கும் எங்கள் ஆய்வுகூடம் சிறியது. தைரொயிட்டைத் தாக்கும் பிறபொருளெதிரிகளை, அன்டிபொடிகளை, அளக்கும் ஒரு சோதனைப் பெட்டியில், காலாவதியாகப்போகும் சில சோதனைக் குழிகள் மிச்சம் இருந்தன. ஆய்வுகூடப் பெரியவரிடம் கேட்டபோது, வீசுவதற்குப் பதிலாகப் பழகிக்கொள் என்றார். ஒரு காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்து உம்மாவிடமும் வாப்பாவிடமும் ரத்தம் எடுத்தேன். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். ஊசிக்குப் பயம். உம்மா கையை நீட்டிவிட்டு, மீன்காரன் இன்றைக்கும் ஏமாற்றியதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் கையில் நானே எடுத்துக்கொண்டேன். ராத்தாவிடமும் எடுத்தேன், ஒப்பிடுவதற்கு.

அந்தச் சோதனையில் கடைசியில் குழிகள் மஞ்சளாகும். பிறபொருளெதிரி கூடினால் மஞ்சள் கூடும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி நிற்கும். எந்த ஒரு பரம்பரையலகும் தனியாக இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. ஆறாம் நிறமூர்த்தத்தில் கொஞ்சம், இரண்டாம் நிறமூர்த்தத்தில் கொஞ்சம், இன்னும் பெயர் தெரியாத இடங்களில் கொஞ்சம் என்று சேர்ந்து வரும். சேர்ந்தவர்கள் எல்லோரும் நோயாளிகளாவதும் இல்லை. சிலர் மஞ்சள் குழியோடு எழுபது வயதுவரை ஒன்றும் ஆகாமல் இருப்பார்கள். இதையெல்லாம் நான் அறிவேன். அறிந்தும் அந்தக் குழிகளைப் பார்த்ததும் குழாய்களில் எழுதியிருந்த பெயர்களை மறுபடி சரிபார்த்தேன். இரண்டாம் முறை செய்து பார்த்தேன். அதே நிறங்கள்.

வீட்டுக்கு வந்து, "ஒண்டுமில்ல. எல்லாருக்கும் சரி" என்றேன்.

"நான் சென்னேன் தானே" என்றார் வாப்பா. அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அதிலிருந்துதான் அந்தப் பதினொரு நாட்கள்.

மாமி அதே வான் வண்டியில் வந்து இறங்கினார். தோளில் கம்பளிச் சால்வை. புருவங்களின் வெளிப்பக்கப் பாதியை எப்போதும் போலப் பென்சிலால் வரைந்திருந்தார். அந்தப் பாதியில் முடி இல்லை. இரண்டு வருடங்களாக அவருக்குக் குரல் கரகரக்கிறது, விரல்கள் தடித்து மோதிரம் கழற்ற முடியவில்லை, பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது. என் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு முழுப் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்துக்கே யாரோ உடுப்பு உடுத்தி அனுப்பியது போல மாமி வந்து மூலைக் கதிரையில் அமர்ந்தார். வாப்பா எதிரே இருந்தார். உம்மா நின்றுகொண்டிருந்தார். மாமி வந்தால் உம்மா நிற்பார்.

"நானா, நான் சுத்தி வளைச்சி பேசுற ஆளில்ல" என்று அண்ணனிடம் தொடங்கிய மாமி, கடுகண்ணாவையில் மண் சரிந்த இடம், சீமெந்து விலை, யாரோ ஒருவருடைய மகள் விவாகரத்தாகி வந்தது, எல்லாவற்றையும் சுற்றி இருபது நிமிடத்துக்குப் பின் விஷயத்துக்கு வந்தார்.

"ஷஹ்மா நல்ல புள்ள. நான் கொற செல்ல மாட்டன். ஆனா சீக்குப் புள்ள தானே. நாளைக்கு அவ வயித்துல ஒண்டு தங்கினா அதுக்கும் இது வரும். ஹில்மிட பரம்பர என்தாகிற?"

"மாத்திரைக்கு நல்லா ஈக்கிது மச்சி" என்றார் உம்மா. "டொக்டர் புள்ள பெறவும் ஏலும்டு தான் சென்ன."

"டொக்டர்மார் அப்பிடித்தான் செல்லுவாங்க. அவங்களா மருமகள வெச்சிப் பாக்கிற?" மாமி வாப்பாவின் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா கடப்பாசி அனுப்பின. கொறஞ்சா? கொறயல்ல. ஏன்? அது ஊறின ஊறல். ஹுன்னஸ்கிரிய தண்ணி. மச்சிய நான் குத்தம் செல்லல்ல. பொறந்த எடத்த யாருக்கும் மாத்த ஏலா."

வாப்பா மேசை விரிப்பின் ஓரத்தை நேராக்கினார். அதன் மற்ற ஓரத்தையும் நேராக்கினார். தன் கடை வாசலில் இருநூறு பேருக்கு முன்னால் ஒரு சிங்கள அமைச்சரின் ஆளோடு சண்டை பிடித்தவர் என்று ஊரில் அவருக்குப் பெயர் இருந்தது. தங்கைக்கு முன்னால் அவருக்கு மேசை விரிப்புதான் கிடைத்தது.

"அதுக்காக குடுத்த வாக்க நான் முறிக்கிற இல்ல" என்றார் மாமி. "ஒங்கட வீட்டுப் புள்ளயத்தான் எடுப்பன். நஸ்லியாவ தாங்கொ."

நான் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவவப் பாருங்க நானா. அந்த மூக்கு யார்ட? எங்கட மூக்கு. நெத்தியும் எங்கட. சின்ன வயசுல ஒரு தடுமல்கூட வரல்ல. ஷஹ்மா உம்மாட பக்கம், இவ வாப்பாட பக்கம். புள்ளயப் பாத்தாலே தெரியுதே."

மரபியலில் எனக்கு நல்ல புள்ளிகள் இருந்தன. மூக்கைப் பார்த்து முழுப் பரம்பரையையும் படிக்கலாம் என்று மூன்றாம் வருடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த நேரம் என் மனதில் மாமியின் மேல் இருந்த ஏளனத்தை ஒரு குழியில் ஊற்றியிருந்தால் கருப்பாகவே ஆகியிருக்கும். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு இருபத்திநான்கு வயது. இதுவரை என்னை யாரும் கேட்டு வந்ததில்லை. ஹில்மி மச்சான் உயரமானவர், அழகாகச் சிரிப்பார். "நஸ்லியாவ தாங்கொ" என்றபோது, ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்கு, எனக்கு உள்ளே ஏதோ இனித்தது. மாமியை இகழ்ந்ததைவிட அந்த ஒரு மூச்சுக்காக என்னை நான் அதிகம் இகழ்ந்தேன்.

வாப்பா தொண்டையைச் செருமினார். "அல்லாஹ்ட நாட்டம் அப்பிடீண்டா…" என்று இழுத்தார். மிச்சத்தை அல்லாஹ் முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ராத்தா தட்டோடு என்னைத் தாண்டிப் போனாள். கோப்பையை மாமியின் முன்னால் மெதுவாக வைத்தாள்.

"தேத்தண்ணி மாமி. ஹுன்னஸ்கிரிய தண்ணி இல்ல. பைப்புத் தண்ணி தான். பயப்படாம குடிங்கொ."

"பாத்தீங்களா வாய!" என்றார் மாமி, வாப்பாவிடம். கோப்பையை எடுத்துக்கொண்டார்.

நான் ராத்தாவின் பின்னால் சமையலறைக்குள் போனேன். அவள் கழுவி வைத்த கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்கினாள். கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். ஹில்மி மச்சான் காலையில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். அழுத்தினேன். "ஷஹ்மா, உம்மா செல்றா… நான் என்த செய்ற… உம்மாட பேச்ச மீற ஏலா தானே… துஆ செய்ங்கொ…" என்று அது போனது. பின்னால் யாரோ இரும்புக் கம்பி வெட்டுகிற சத்தம்.

"மூக்கால பேசுறத கேட்டியா?" என்றாள் ராத்தா. "எங்கட மூக்காம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, ஏற்கெனவே இரண்டு தடவை கழுவிய கோப்பையை மூன்றாவது தடவை எடுத்தாள். ஏழு வருடங்களாக அந்தத் தொலைபேசியைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கியவள்.

"நீ கட்டிக்கொ டீ" என்றாள், திரும்பாமல். "நான் என்தயும் நெனைக்கிற இல்ல. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழம கடப்பாசியும் கெடைக்கும்."

"ராத்தா, பைத்தியமா?"

"எனக்கு நோய் தான் தங்கச்சி. கண் தெரியாம போகல்ல. அவர் எப்பிடிப்பட்டவர்டு இண்டைக்கு தெரிஞ்சிச்சி, அல்ஹம்துலில்லாஹ்." குழாயை மூடினாள். "உம்மாவ நெனச்சாத்தான் ஏலாமீக்கி. இனி எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் இந்தத் தண்ணிக் கத தான். எனக்கு ஒரு மாத்திரையோட முடிஞ்சிச்சி. உம்மாக்கு மாத்திரையும் இல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு நாட்களாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பதிலாக இரண்டு பெண்களுக்கு மாப்பிள்ளை வரப்போவதில்லை என்று எழுதிக்கொடுத்தது போலாகும். மாமி கடுகண்ணாவை வரைக்கும், மாமியின் நாத்தனார்மார் மாவனல்லை வரைக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொல்லாவிட்டால் எனக்கு உயரமான மாப்பிள்ளை. ராத்தாவின் மாப்பிள்ளை. உம்மாவுக்குத் தண்ணீர்.

"நஸ்லியா" என்று வாப்பா கூப்பிட்டார். அந்தக் குரலிலேயே அவர்கள் பேசி முடித்துவிட்டது தெரிந்தது.

மாமி தன் கைப்பையிலிருந்து சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்து மடியில் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் உம்மா பெண்ணின் கழுத்தில் தன் கையால் சங்கிலி போட்டுவிட்டால் பேச்சு உறுதி. அதன்பிறகு பெண் வீட்டார் இல்லை என்று சொல்வது பெரிய அவமானம். ராத்தாவுக்கென்று வாங்கிய சங்கிலியாகத்தான் இருக்க வேண்டும். பெட்டியின் ஓரம் தேய்ந்திருந்தது.

"வாங்க மகள். இங்க உக்காருங்கொ" என்று மாமி தன் முன்னால் இருந்த ஸ்டூலைக் காட்டினார். "வெக்கப்பட வேணாம். யாரு ஈக்கிற? வாப்பாவும் மாமியும் தானே."

அமர்ந்தேன். என் கால்கள் தாமாகவே அமர்ந்தன. மாமி என் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கி, பின்னலை ஒரு பக்கமாக ஒதுக்கினார். அவருடைய விரல்கள் கழுத்தில் பட்டபோது உடம்பு சிலிர்த்தது. அவை நீரில் ஊறிய துணி போலக் குளிர்ந்தும் தடித்தும் இருந்தன. எனக்கு நேரெதிரே வாப்பா. அவருக்குப் பக்கத்தில் உம்மா, இன்னும் நின்றபடி. சமையலறைக் கதவில் ராத்தா.

"பிஸ்மில்லாஹ்" என்றார் மாமி. தங்கம் என் நெஞ்சில் வந்து படிந்தது.

அப்போது உம்மா பேசினார்.

"மச்சி, நீங்க மனசுல வெக்காதீங்கொ" என்றார். முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "எங்கட பக்கத்தால வந்தது தான். நான் அங்க வளந்த. கெணத்துத் தண்ணி தான் குடிச்ச. எனக்குத் தெரிஞ்சா வந்திருக்க மாட்டன். மன்னிச்சிக்கொங்கொ. சின்னவளாலயாவது ஒங்கட வீட்டுக்கு நல்லது நடக்கட்டும்."

எங்கே வந்திருக்க மாட்டார்? இந்த வீட்டுக்கா? முப்பது வருடத்துக்கு மன்னிப்புக் கேட்கிறார். ஒரு ஊருக்காக, ஒரு கிணற்றுக்காக. மாமி தலையை அசைத்து அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டார், சில்லறை வாங்குவது போல. வாப்பா மேசை விரிப்பைப் பார்த்தார். அவருக்கு என் குழிகளின் நிறம் தெரியாதுதான். தெரியாவிட்டாலும், ஒரு ஆண் தன் மனைவி இப்படிக் கெஞ்சும்போது மேசை விரிப்பைத் தவிர வேறு எதையாவது பார்த்திருக்கலாம்.

"மாமி" என்றேன்.

"அசைய வேணாம் மகள். கொக்கி மாட்டுற."

"நான் எங்கட வீட்ல எல்லார்ட ரத்தத்தயும் பாத்த."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நடுங்கவில்லை. ஆய்வுகூடத்தில் முடிவு கேட்டு நிற்பவர்களிடம் பேசுகிற குரல்.

வாப்பா நிமிர்ந்தார். "அது ஒண்டுமில்லண்டு தானே நீ சென்ன?"

"பொய் சென்ன வாப்பா."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார் மாமி. கொக்கி இன்னும் மாட்டவில்லை.

"ராத்தாக்கு ஈக்கிற அதே சாமான் எனக்கும் ஈக்கிது" என்றேன். "இன்னம் நோயா வரல்ல. வரலாம். வாப்பாக்கும் ஈக்கிது. எங்க எல்லாரயும் விட வாப்பாக்குத்தான் கூட."

மாமியின் விரல்கள் என் பின்கழுத்தில் அப்படியே நின்றன. சங்கிலியின் இரண்டு முனைகளும் அவருடைய இரண்டு கைகளில் இருந்தன. நான் உம்மாவைப் பார்த்தேன். முந்தானை சுற்றிய விரல் வெளுத்துப்போயிருந்தது.

"உம்மாக்கு மட்டும் தான் இல்ல."